பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் குரோமியம் 0.11: ரிப்போர்ட் பார்க்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் (குடிபாலா, சித்தூர் மாவட்டம்)

குடிபாலா மருமகள் | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நான் பிறந்தது ராணிப்பேட்டை பக்கம், வாழ்க்கைப்பட்டது ஆந்திராவில், குடிபாலா மண்டலத்தில் ஒரு சின்ன ஊர். வீட்டில் தமிழ், சச்சிவாலயத்தில் (ஊர் அரசு அலுவலகம்) தெலுங்கு. ஊர்ப் பெயரைப் போடவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் ஊருக்கு ஒரே ஒரு டேங்க். அதற்கு இரண்டு போர். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய போரில் தண்ணீர் குறைந்துவிட்டதால், மூன்று வருஷமாகப் புது போர்தான் ஓடுகிறது. அது கல் குவாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், உப்பும் கிடையாது. ஊரே அதைத்தான் குடிக்கிறது, என் இரண்டு பிள்ளைகளும்.

கைவிட்ட அந்தக் குவாரியில் கொஞ்ச காலம் ராத்திரியில் லாரி வந்து எதையோ கொட்டிவிட்டுப் போனது. சில நாள் தீயும் வைத்தார்கள். மற்றவர்கள் பிளாஸ்டிக் என்றார்கள். எனக்குத் தெரியும், அது தோல் எரிகிற நாற்றம். அந்த நாற்றத்தில்தான் வளர்ந்தேன்.

அதனால்தான் மனசு கேட்காமல் ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன். மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.11 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது. பக்கத்தில் 'வரம்பு 0.05' என்று அச்சடித்திருக்கிறார்கள். சர்பஞ்ச் (பஞ்சாயத்துத் தலைவர்) நல்ல மனிதர்தான். ஆனால், "ஜல் ஜீவன் திட்டத்துத் தண்ணீர் சோதனைக் கிட் வைத்து நம் ஊர்ப் பெண்களே பார்த்தார்களே, எல்லாம் சரியாக இருந்ததே, ஒரு காகிதத்தை வைத்து ஊரைக் கலக்காதே அம்மா" என்கிறார்.

இது எவ்வளவு பெரிய விஷயம்? காய்ச்சிக் குடித்தால் போதுமா?

—

குப்பம் ஆர்ஓ சர்வீஸ் | செவ்வாய், இரவு 10.15

காய்ச்சவே காய்ச்சாதீர்கள் அக்கா. தண்ணீர் ஆவியாகப் போகும், உலோகம் பாத்திரத்திலேயே நிற்கும். அளவு கூடத்தான் செய்யும். கேண்டில் ஃபில்டர், யுவி இரண்டும் கிருமிக்குத்தான், இதற்கு உதவாது. வீட்டுக்கு ஒரு ஆர்ஓ போட்டுவிடுங்கள், பிரச்சினை முடிந்தது.

—

மாந்தோப்பு | செவ்வாய், இரவு 10.32

தம்பி, அவர் வீட்டுப் பிரச்சினை முடியும். ஊர்ப் பிரச்சினை? எங்கள் பக்கம் (பங்காருபாளையம்) கூலிக்குப் போகிற குடும்பங்கள் எத்தனை பேர் ஆர்ஓ வாங்குவார்கள்? அங்கன்வாடிக்கு யார் வாங்கிக் கொடுப்பார்கள்?

—

வேதியியல் வாத்தியார் | செவ்வாய், இரவு 11.20

அம்மா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாளைக் காலையிலிருந்து குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரை எடுக்காதீர்கள். குளிக்க, துணி துவைக்க, பாத்திரம் கழுவ இந்த அளவில் பயம் இல்லை. இனி விஷயத்துக்கு வருகிறேன். சித்தூரில் முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவன், கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

குரோமியம் ஒரே பெயரில் இரண்டு ஆள். மூன்றாம் நிலையில் இருப்பது ஒன்று, ஆறாம் நிலையில் இருப்பது மற்றொன்று. தோல் பதனிடப் பயன்படுத்துவது குரோமியம் சல்பேட், அது மூன்று. மூன்று சோம்பேறி. சாதாரண நிலத்தடி நீரில் கரையாது, மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆறு அப்படி இல்லை. நன்றாகக் கரையும், மண் அதை அவ்வளவாகப் பிடித்து வைக்காது, தண்ணீர் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போகும். உடம்பில் செல்லுக்குள் சுலபமாக நுழைவதும் ஆறுதான்.

உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது மொத்தக் கணக்கு, மூன்றும் ஆறும் சேர்ந்தது. அதில் ஆறு எவ்வளவு என்று அது சொல்லவில்லை. ஆனால், தெளிந்த போர் தண்ணீரில் குரோமியம் கரைந்து வந்திருக்கிறது என்றால் அதில் பெரும்பகுதி ஆறாகத்தான் இருக்கும். மூன்று அவ்வளவு தூரம் கரைந்து நடந்து வராது. "தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது" என்று நீங்கள் நிம்மதியாகச் சொன்ன வரியைப் படித்தபோதுதான் எனக்குக் கவலை அதிகமானது.

தோல் கழிவில் மூன்றுதானே இருக்கும், ஆறு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்பார்கள். பதில் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. குரோம் தோல் துண்டுகளைத் திறந்த வெளியில் எரித்தால் அந்த மூன்றாம் நிலைக் குரோமியத்தில் கொஞ்சம் ஆறாம் நிலைக்கு மாறிச் சாம்பலில் நிற்கும். மழை பெய்தால் சாம்பலிலிருந்து கரைந்து இறங்கும். மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடும் மெதுவாக இதே வேலையைச் செய்யும். குவாரியில் கொட்டியது தோல் கழிவுதானா என்பதைப் பார்க்காமல் நான் உறுதியாகச் சொல்ல முடியாது. கணக்கு மட்டும் பொருந்துகிறது.

சர்பஞ்ச் சொல்வதில் பொய் இல்லை. அந்தக் கிட் புளோரைடு, நைட்ரேட், இரும்பு, குளோரைடு, கடினத்தன்மை, எஞ்சிய குளோரின் இவற்றைப் பார்க்கும். குரோமியம் அதில் கிடையாது. கேட்காத கேள்விக்கு அது எப்படிப் பதில் சொல்லும்?

—

ராணிப்பேட்டைக்காரன் | புதன், காலை 6.05

மருமகள் அக்கா, நீங்கள் எந்த ஊரில் பிறந்திருப்பீர்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. நான் சிப்காட்டுக்கு அந்தப் பக்கம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு குரோமேட் ஆலை இருந்தது. தோல் பதனிடும் ஷெட் இல்லை, தோல் ஷெட்டுக்கு வேண்டிய ரசாயனம் தயாரித்த இடம். குரோமைட் தாதுவைச் சோடாவோடு வறுத்து எடுப்பார்கள். மிஞ்சுகிற சக்கையில் ஆறு நேரடியாகவே இருக்கும். 1990களின் நடுவில் ஆலையை மூடினார்கள். இரண்டு லட்சம் டன்னுக்கும் மேலான சக்கையை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். 2006இல் உலகத்தின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று ஒரு பட்டியல் வந்தபோது அதில் எங்கள் ஊரும் இருந்தது.

மழை விட்ட மறுநாள் அந்தப் பக்கம் போனால் குழியில் நிற்கிற தண்ணீர் மஞ்சளாக இருக்கும். மஞ்சள் தூளைக் கரைத்து விட்ட மாதிரிப் பளிச்சென்ற மஞ்சள். வெயில் ஏற ஏற ஓரமெல்லாம் உப்புப் பொரிந்து நிற்கும். ஆடு அதில் வாய் வைக்காது.

என் மாமா ஒரு குரோமேட் ஆலையில் வேலை பார்த்தவர். அவருடைய இரண்டு மூக்குத் துளைக்கும் நடுவில் இருக்கிற தண்டில் ஓட்டை. குரோம் புகையில் வேலை செய்கிறவர்களுக்கு அப்படி வரும். கையிலும் புண், வட்டமாகக் குழி விழுந்து, ஆறவே ஆறாது. சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்து அந்தக் குழியை விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். யாரும் அதை நோய் என்று சொல்லவில்லை. "வேலைக் கை" என்றார்கள்.

—

குடிபாலா மருமகள் | புதன், காலை 7.30

தம்பி, எங்கள் அத்தை வீட்டுக் கிணறு அதே மஞ்சள்தான். ஒருநாள் தோய்த்த வெள்ளை வேட்டி மஞ்சளாகக் காய்ந்தது. அப்போதுதான் கிணற்றை மூடினார்கள். அதற்கு முன்னால் எத்தனை வருஷம் குடித்தார்கள் என்று யாருக்கும் கணக்குத் தெரியாது. அதனால்தான் குரோமியம் பார்க்கச் சொல்லி ஆய்வகத்தில் கேட்டேன். அங்கே பொறுப்பில் இருந்தவர், "அதை யாரும் கேட்பதில்லையே அம்மா" என்றார்.

—

நகரி தறி | புதன், காலை 9.10

ஒரு சந்தேகம், தப்பாக நினைக்காதீர்கள். பாலாறு கர்நாடகாவில் பிறந்து நம் ஆந்திராவில் 33 கிலோமீட்டர்தான் ஓடுகிறது, அப்புறம் தமிழ்நாடு. நீவாவும் சித்தூரிலிருந்து கீழே போய்ப் பொன்னையாறாகிப் பாலாற்றில்தான் சேர்கிறது. தோல் ஊர்கள் எல்லாம் நமக்குக் கீழே. தண்ணீர் மேல்நோக்கி வராதே? நாம் ஏன் பயப்பட வேண்டும்?

—

மாந்தோப்பு | புதன், காலை 9.25

தண்ணீர் மேலே வராது அண்ணா. லாரி வரும்.

—

வேதியியல் வாத்தியார் | புதன், மதியம் 1.15

மாந்தோப்பு சொன்னதுதான். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவனே ஈடு கட்ட வேண்டும், கெடுதல் முழுக்க நிரூபணமாகும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று நிலைநாட்டியது அந்தத் தீர்ப்புதான். தோல் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானது என்ற கணக்கும் அதில் இருக்கிறது. கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து, 2025 ஜனவரியில், அதே வேலூர்த் தோல் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. அங்கே விதி இறுகும்போது கழிவை ஒழுங்காகச் சுத்திகரிக்கச் செலவு ஏறும். அந்தச் செலவைத் தவிர்க்க நினைப்பவனுக்கு எல்லை தாண்டிய குவாரிக் குழி வசதி. மாநிலம் மாறினால் அதிகாரி மாறுவார், மொழி மாறும், கேள்வி கேட்க ஆள் இருக்காது.

—

குப்பம் ஆர்ஓ சர்வீஸ் | புதன், மதியம் 2.40

சார், நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் 0.11க்கு இவ்வளவு பயப்படுத்த வேண்டுமா? அமெரிக்காவிலேயே வரம்பு 0.1 என்று படித்தேன். அதைவிட ஒரு துளிதானே அதிகம்?

—

வேதியியல் வாத்தியார் | புதன், மாலை 6.50

நல்ல கேள்வி தம்பி. வரம்பு என்பது வானத்திலிருந்து விழுந்ததில்லை, அதனால் கொஞ்சம் கதை சொல்கிறேன்.

அமெரிக்காவின் 0.1 என்பது 1991இல் வைத்தது, மொத்த குரோமியத்துக்கு. உலக சுகாதார நிறுவனம் 0.05 என்கிறது. நம் இந்தியத் தரம், ஐஎஸ் 10500, அதுவும் 0.05. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நம் தரத்தில் சில பொருள்களுக்கு, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம் என்று ஒரு சலுகை உண்டு. கடினத்தன்மைக்கு உண்டு, புளோரைடுக்கு உண்டு. குரோமியத்துக்கு 'தளர்வு இல்லை' என்று எழுதியிருக்கிறது. ஆகவே நம் நாட்டுத் தரப்படியே அந்தத் தண்ணீர் குடிக்கத் தகுதி இல்லாதது. வேறு நாட்டு எண்ணைத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

அமெரிக்காவுக்குள்ளேயே கலிபோர்னியாக்காரர்கள் திருப்தி அடையவில்லை. அங்கே ஹிங்க்லி என்று பாலைவனத்தில் ஒரு சின்ன ஊர். எரிவாயுக் குழாய் நிலையத்தின் குளிர்விக்கும் கோபுரங்களில் துருப்பிடிக்காமல் இருக்க 1952 முதல் 1966 வரை குரோமியம் ஆறு சேர்த்தார்கள். அந்தத் தண்ணீரைத் தரையில் குழி வெட்டி விட்டார்கள். கிணறுகளுக்கு இறங்கியது. 1996இல் 33.3 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். அந்த மாநிலம் 2014இல் குரோமியம் ஆறுக்கென்றே தனியாக 0.01 என்று வரம்பு வைத்தது. செலவு பார்க்கவில்லை என்று 2017இல் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024இல் அதே எண்ணை மறுபடியும் கொண்டுவந்துவிட்டார்கள்.

புற்றுநோய் பற்றிக் கேட்பீர்கள். மூச்சில் போனால் நுரையீரல் புற்று வரும் என்பதில் சந்தேகமே கிடையாது. குடித்தால்? வயிற்று அமிலம் ஆறாம் நிலையின் பெரும்பகுதியை மூன்றாம் நிலைக்கு மாற்றிவிடும், அதனால் பயமில்லை என்று ரொம்ப நாள் சொன்னார்கள். 2008இல் அமெரிக்க அரசின் நச்சியல் திட்டம் எலிகளுக்குத் தண்ணீரில் கொடுத்துப் பார்த்தது. பெரிய எலிக்கு வாயில் கட்டி, சுண்டெலிக்குச் சிறுகுடலில் கட்டி. கொடுத்த அளவு நம் குழாயில் இருப்பதைப் போலப் பல மடங்கு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆக, இன்று குடித்து நாளை யாரும் விழப்போவதில்லை. வருஷக் கணக்கில், அதுவும் பிள்ளைகள், தினமும் குடிப்பதுதான் விஷயம்.

சீனாவில் லியாவோனிங் மாகாணத்தில் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளான ஊர்களில் வயிற்றுப் புற்று அதிகம் என்று 1987இல் ஒரு மருத்துவர் எழுதினார். 1997இல் அவர் பெயரிலேயே 'தொடர்பு இல்லை' என்று இன்னொரு கட்டுரை வந்தது. ஹிங்க்லி வழக்கில் மாட்டிய நிறுவனத் தரப்பின் ஆலோசகர்களுக்கு அதில் கை இருந்தது வெளியே தெரிந்து, 2006இல் பத்திரிகையே அதைத் திரும்பப் பெற்றது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'நிரூபணம் ஆகவில்லை' என்று யாராவது சொன்னால், நிரூபிக்க விடாமல் தடுத்தது யார் என்றும் ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும்.

—

குப்பம் ஆர்ஓ சர்வீஸ் | புதன், இரவு 8.30

புரிந்தது சார். இவ்வளவு தெரியாமல் பேசிவிட்டேன், மன்னியுங்கள்.

என் தொழிலில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆர்ஓ குரோமியத்தை எடுக்கும், மெம்பரேன் (உள்ளே வடிகட்டுகிற சவ்வு) நன்றாக இருக்கும் வரைக்கும். நிறைய வீட்டில் மூன்று வருஷமானாலும் மாற்றுவதில்லை, தண்ணீர் வந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ருசிக்காகப் பழைய தண்ணீரைக் கொஞ்சம் கலந்து விடுகிற வால்வும் சில மெஷினில் உண்டு. குரோமியம் உள்ள ஊரில் அதை முழுக்க மூடியே வைக்க வேண்டும். டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டுவது) வைத்துக் காட்டி 'சுத்தம்' என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம், நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். 0.11 குரோமியத்தை அந்த மீட்டர் காட்டவே காட்டாது.

ஊருக்குப் பொதுவாக வைக்கிற ஆர்ஓ பிளாண்டில் இன்னொரு விஷயம். பாதித் தண்ணீர் நல்லதாக வந்தால் பாதி கழிவாகப் போகும், அதில் குரோமியம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எங்கள் பக்கம் நிறைய இடத்தில் அந்தக் கழிவுக் குழாய் மாட்டுத் தொட்டியில்தான் விழுகிறது. அதை நினைத்துத்தான் இன்றைக்கு மனசு சரியில்லை.

—

மாந்தோப்பு | வியாழன், காலை 5.50

வாத்தியார் ஐயா, அன்னபேதி போட்டால் குரோமியம் படிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். மாமரத்துக்கு இலை வெளுத்தால் நாங்கள் தெளிப்பதுதான், கடையில் கிடைக்கும். டேங்கில் போட்டுவிடலாமா?

—

வேதியியல் வாத்தியார் | வியாழன், காலை 8.00

வேண்டாம், வேண்டவே வேண்டாம். சொன்னவர் பாதி சொல்லியிருக்கிறார். அன்னபேதியில் இருக்கிற இரும்பு ஆறை மூன்றாக மாற்றும், மூன்று சகதியாகப் படியும். சுத்திகரிப்பு நிலையத்தில் இதுவே ஒரு முறைதான். ஆனால் அளவு பார்த்துப் போட்டு, படிய விட்டு, வடிகட்டி, சகதியைப் பாதுகாப்பாக எடுக்க வேண்டும். டேங்கில் போட்டால் சகதியும் இரும்பும் குழாயில் வரும். அப்புறம் குளோரின் போடும்போது, வடிகட்டாமல் மிஞ்சியதில் கொஞ்சம் மறுபடியும் ஆறாகத் திரும்பவும் கூடும்.

மருமகள் அம்மா, நீங்கள் செய்ய வேண்டியது அடுத்த சோதனை. இரண்டு போரையும் தனித்தனியாக எடுங்கள், குழாயில் எடுக்காதீர்கள். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு அப்புறம் பிடியுங்கள். மொத்த குரோமியத்துக்கு ஆய்வகம் தருகிற பாட்டிலில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் இருக்கும், அதைக் கொட்டிவிடாதீர்கள். ஆறுக்கு அமிலம் இல்லாத வேறு பாட்டில். கழுத்து வரை நிரப்பி ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும். பிடிக்கும்போது சர்பஞ்சையும் சச்சிவாலயத்தில் ஒருவரையும் பக்கத்தில் நிறுத்திக் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம் 'ஒரு காகிதம்' என்று யாரும் சொல்ல முடியாது.

—

குடிபாலா மருமகள் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.00

எல்லோருக்கும் கும்பிட்டு எழுதுகிறேன்.

வாத்தியார் சொன்னபடி எடுத்தோம். சர்பஞ்ச் வந்தார். ஆரம்பத்தில் முகம் கொடுக்கவில்லை. பாட்டிலை நானே பிடித்தேன், கை நடுங்கியது. மோட்டார் ரூமில் சிலந்தி வலை, சுவரில் யாரோ கரியால் கிறுக்கிய போன் நம்பர்கள். அந்தத் தண்ணீர் அப்போதும் அவ்வளவு தெளிவாக, அவ்வளவு சில்லென்று இருந்தது. வெயிலில் நின்றிருந்த சச்சிவாலயப் பெண் பழக்கத்தில் ஒரு கை அள்ளிக் குடிக்கப் போனாள். சர்பஞ்சே அவள் கையைத் தட்டிவிட்டார். ரிப்போர்ட் வருவதற்கு முன்னாலேயே அவர் மனசு மாறிவிட்டது என்று எனக்கு அப்போது தெரிந்தது.

புது போர்: மொத்தம் 0.12, அதில் ஆறு 0.10. பழைய போர்: கண்டறியும் அளவுக்குக் கீழே.

வாத்தியாரின் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர் ஆறாம் நிலைக் குரோமியம் இருந்தால் நிறம் மாறுகிற ரசாயனம் கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் செய்து காட்டினார். டைஃபீனைல் கார்பசைடு என்று பெயர் சொன்னார். இரண்டு கண்ணாடிக் குழாயில் இரண்டு போர் தண்ணீர், இரண்டும் ஒரே தெளிவு. சொட்டு விட்டதும் பழைய போர் அப்படியே இருந்தது. புது போர் மெல்ல ரோஜா நிறமாக மாறியது. கிட்டே கொண்டுவந்து வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துக் காட்டினார். ஆய்வகக் காகிதம் சொல்லாததை அந்த நிறம் சொல்லிவிட்டது. பின்னால் நின்ற ஒரு பாட்டி, "இதைத்தானா பேரனுக்குப் பாலில் கலந்தேன்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவரைத் தேற்ற யாருக்கும் வார்த்தை வரவில்லை.

புது போரின் மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். பழைய போர் காலையில் ஒரு மணி நேரம் ஓடுகிறது, குடிக்க மட்டும். மீதிக்கு டேங்கர் வருகிறது, தினமும் இல்லை. போன திங்கட்கிழமை பதினெட்டு பேர் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். குவாரியில் கிடப்பதை எடுக்க வேண்டும், கொட்டியது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும், எங்கள் மண்டலத்தில் குடிநீர் போர் எல்லாவற்றிலும் குரோமியம் பார்க்க வேண்டும், ரிப்போர்ட்டைச் சச்சிவாலயச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று எழுதினோம். ரசீது கொடுத்தார்கள். குவாரியை அளக்க இன்னும் யாரும் வரவில்லை.

ஊர்ப் பெயரைப் போடாததற்குக் காரணம் சொல்கிறேன். இரண்டு வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். 'தண்ணீர் கெட்ட ஊர்' என்று பெயர் வந்துவிடும் என்று கெஞ்சினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் மனுவில் ஊர்ப் பெயர் இருக்கிறது.

—

ராணிப்பேட்டைக்காரன் | ஞாயிறு, இரவு 9.45

அக்கா, குவாரிக்குச் சரிவான பக்கத்தில் விவசாயக் கிணறு இருக்கிறதா? எங்கள் ஊரில் குழாயை மட்டும் பார்த்தார்கள். கிணறுகளை விட்டுவிட்டார்கள். களையெடுக்கப் போகிறவர்கள் மத்தியானம் குடிப்பது கிணற்றுத் தண்ணீர்தான்.

—

குடிபாலா மருமகள் | ஞாயிறு, இரவு 10.20

ஆறு கிணறு இருக்கிறது தம்பி. நீ கேட்ட பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். அதில் ஒன்று எங்களுடையது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் பாட்டில்களை ஐஸ் பெட்டியில் தயாராக வைத்திருப்பேன். என் வீட்டுக்காரருக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. சித்தூரிலிருந்து திருப்பதிக்கு அன்று காரிலோ வேனிலோ போகிறவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நானே கொண்டுவந்து தருகிறேன். மாலைக்குள் ஆய்வகத்தில் சேர்ந்துவிட வேண்டும்.

—

குப்பம் ஆர்ஓ சர்வீஸ் | ஞாயிறு, இரவு 10.26

நான் போகிறேன் அக்கா. பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம், ஊருக்கே வருகிறேன். உங்கள் பக்கம் ஆர்ஓ பிளாண்ட் ஏதாவது இருந்தால் அதன் கழிவுக் குழாயிலும் ஒரு பாட்டில் பிடித்து வையுங்கள்.